கண்மாயில் நின்ற மஸ்கட் விமானம்

ஒருத்தி தவறவிட்ட விமானம் அவள் பின்னாலேயே ஊருக்கு வந்துவிடும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கண்மாய்க்குள் கிடந்த கருவேல முள்ளையாவது வெட்டி ஒதுக்கி வைத்திருப்பேன்.

அது மஸ்கட் போகிற விமானம். புதன்கிழமை சாயங்காலம் ஐந்து பத்துக்குத் திருச்சியில் கிளம்புவது. அதில் நானும் என் மகள் இனியாளும் போயிருக்க வேண்டும். இனியாளுக்குப் பதினான்கு மாதம். அவளுடைய அப்பா முத்தரசன் மஸ்கட்டில் ஏசி மாட்டுகிற வேலையில் இருக்கிறார். நான் மூன்று மாதமாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது விமானம் ஏறியவர், மகளைக் கைபேசியில்தான் பார்த்திருக்கிறார். மகளும் அவரைக் கைபேசியில்தான் பார்த்திருக்கிறாள் என்பதால், அவள் கணக்கில் கைபேசிதான் அப்பா. அது மணியடித்தால் போதும், சிலிண்டர் வந்திருக்கிறது என்று சொல்ல யாரோ கூப்பிட்டாலும், "அப்பா" என்று ஓடிவந்து கண்ணாடியில் எச்சில் படிய முத்தம் கொடுப்பாள். அவருடைய கல்யாணப் படத்தைக் காட்டினால் "மாமா" என்பாள். இதை நான் சிரித்துச் சிரித்து அவரிடம் சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே வரவில்லை. மறுநாளே முதலாளியின் கையைக் காலைப் பிடித்து எங்கள் இருவருக்கும் ஒரு மாத விசா வாங்கிவிட்டார். அடுத்த புதன்கிழமைக்குள் அந்த ஊரில் காலை வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் விசா வெறும் தாள், மறுபடி ஒரு வருஷத்துக்குக் கேட்கவே கூடாது.

அப்படியிருந்தும் எப்படித் தவறவிட்டாய் என்று கேட்பீர்கள். பரஸ்தானத்தால்தான்.

எங்கள் கீழக்கொன்றைப்பட்டியில் காலண்டர் கிழிக்கிற அதிகாரம் என் வீட்டுக்காரரின் அக்கா பவுனு அண்ணியிடம் இருக்கிறது. அண்ணி அடுத்த வீடு. ஆனால் எங்கள் வீட்டுக் காலண்டரையும் அவர்தான் கிழிப்பார், அதுவும் குளித்து, விளக்கேற்றி, கிழக்கே பார்த்து. அந்த அண்ணிதான் இனியாளைப் பிறந்த பதினோராம் நாளிலிருந்து தினமும் காலில் போட்டுக் குளிப்பாட்டி, மூக்கைப் பிடித்துவிட்டு, சாம்பிராணி காட்டி என்னிடம் தருகிறவர். அவர் ஒன்று சொன்னால் நான் மறுபேச்சுப் பேசுவதில்லை.

"புதன்கிழமை வடக்கே சூலம், திருச்சி வடக்கேதான் இருக்கு" என்றார் அண்ணி. "நீ கிளம்புற நேரம் ராகு காலம் வேற. செவ்வாயும் வடக்கே சூலம். அதனால திங்கக்கிழமை நல்ல நேரத்துல பெட்டியப் பரஸ்தானமா வச்சிருவோம்."

பரஸ்தானம் என்றால் வேறொன்றுமில்லை. நல்ல நேரத்தில் நாம் கிளம்ப முடியாவிட்டால், நமக்குப் பதிலாக நம் பெட்டியைக் கிளப்பி, போகிற திசையில் இருக்கிற ஒரு வீட்டில் வைத்துவிடுவது. பெட்டி கிளம்பினால் நாம் கிளம்பின மாதிரி. அப்புறம் எந்தக் கெட்ட நேரத்திலும் போய், பெட்டியை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்கலாம். எங்கள் வீட்டுக்கு நேர் வடக்கே கமலவேணி அக்கா வீடு. திங்கள் காலை பெட்டியை மூடும்போது பாஸ்போர்ட்டையும் விசாத் தாளையும் நான் கைப்பையில் வைத்தேன். அண்ணி அதை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார்.

"எது இல்லாம நீ போக முடியாதோ அது பெட்டிக்குள்ள இருக்கணும். இல்லன்னா உன் சேலையும் சாம்பார்பொடியும்தான் மஸ்கட் கிளம்பினதா ஆகும்."

நியாயமாகத்தான் பட்டது.

புதன்கிழமை பதினொன்றரைக்கு, தலை நிறையப் பூவோடு, டாக்ஸிக்காரத் தம்பி சகாயராஜ் வண்டியைத் திருப்பி நிறுத்த, நாங்கள் வடக்கே போய்ப் பார்த்தால், கமலவேணி அக்கா வீட்டில் ஒரு பூட்டு தொங்கியது. அரியலூர்ப் பக்கம் யாருக்கோ காதுகுத்து. அக்காவின் கைபேசி வீட்டுக்குள் சார்ஜில் கிடந்து, நாங்கள் கூப்பிடக் கூப்பிட உள்ளிருந்து பாட்டுப் பாடியது. இனியாள் கதவைத் தட்டி "அப்பா, அப்பா" என்றாள்.

"பூட்ட ஒடச்சிருவோமா?" என்றான் சகாயராஜ்.

"பரஸ்தானம் வச்ச வீட்டுப் பூட்டையா? உனக்குப் புத்தி இருக்கா?" என்றார் அண்ணி.

கமலவேணி அக்கா இரண்டே முக்காலுக்கு, இடுப்பில் சாவியும் கையில் தாம்பூலப் பையுமாக பஸ்ஸிலிருந்து இறங்கினார். "ஆத்தாடி! நீ நேத்தே போயிட்டேன்னுல நெனச்சேன். பெட்டிதான் கிளம்பிருச்சே!" என்றார்.

சகாயராஜ் பறந்தான். விமான நிலையத்துக் கவுண்ட்டரில் நாங்கள் மூச்சு வாங்கி நின்றபோது நாலு இருபத்தைந்து. அங்கிருந்த பெண் பாவம், நல்ல பெண். என் தலையில் பூவையும் இடுப்பில் பிள்ளையையும் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னாள். "கவுண்ட்டர் ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிடும் மேடம். நாலு பத்துக்கு மூடிட்டோம். உங்க பேரைக் கடைசி அழைப்புன்னு மூணு தடவை கூப்பிட்டாங்க."

"என் பெட்டி திங்கக்கிழமையே கிளம்பிருச்சும்மா" என்றேன். வேறென்ன சொல்ல.

திரும்பி வருகிற வழியில், விராலிமலை தாண்டி, சகாயராஜ் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தான். "அக்கா, பின்னாடி ஒரு விமானம் ரொம்ப நேரமா வருது. சைடு குடுக்கவா?"

"குடு, போகட்டும்" என்றேன். இனியாள் அப்போதுதான் தூங்கியிருந்தாள்.

சைடு கொடுத்தான். அது முந்தவில்லை. ரோட்டுக்கு மேலே புளிய மரத்து உயரத்தில், பால் கறக்காமல் விட்ட மாடு வீட்டுக்காரி பின்னாலேயே வருகிற மாதிரி, அவசரமில்லாமல் வந்தது. எங்கள் ஊர் திருப்பத்தில் நாங்கள் திரும்ப, அதுவும் திரும்பி, சித்திரை வெயிலில் காய்ந்து கிடந்த கண்மாய்க்குள் இறங்கி, ஒரு தடவை பெருமூச்சு விட்டு நின்றது.

அன்றைக்கு அதில் ஏறினவர்கள் எல்லாரும் சுகமாக மஸ்கட் போய் இறங்கி, வீட்டுக்குப் பேசி, பிரியாணி சாப்பிட்டார்கள். அது எப்படி என்று சகாயராஜ் கேட்டான். அவர்கள் ஏறின விமானம் அவர்களோடு போனது, நான் தவறவிட்ட விமானம் என்னோடு வந்தது, இதில் குழம்புவதற்கு என்ன இருக்கிறது என்றார் அண்ணி. ஊரும் அதற்குமேல் கேட்கவில்லை.

ஊருக்குக் கேட்க வேறு விஷயங்கள் இருந்தன. மறுநாள் காலையிலேயே நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துவைத்தார்கள். காலையில் மேற்கு இறக்கையின் கீழ் ஆடுகளும், மத்தியானத்துக்குமேல் கிழக்கு இறக்கையின் கீழ் நூறு நாள் வேலைக்காரப் பெண்களும் என்று யாரும் பேசாமலே முடிவானது. இறக்கைக்கு மேலே எந்நேரமும் வெயில், கோழி ஏறாது, ஆடு ஏறாது. அந்த வருஷம் மிளகாய் நன்றாகக் காய்த்திருந்தது. வியாழன் சாயங்காலத்துக்குள் இரண்டு இறக்கையும் சிவப்பாகிவிட்டது, ஓரத்தில் மட்டும் கமலவேணி அக்காவின் கூழ்வற்றல் வெள்ளையாக. கிராம நிர்வாக அலுவலர் வந்து, சுற்றி நடந்து, இது கண்மாய்ப் புறம்போக்கில் ஆக்கிரமிப்பா என்று கேட்டார். ஊராட்சித் தலைவி தமிழ்க்கொடி, "ஆக்கிரமிச்சா நகராதுல்ல சார், இது எப்பவேணா போற சாமான்" என்றார். அலுவலர் யோசித்து, பதிவேட்டில் 'இதர' என்று எழுதிக்கொண்டு, கிளம்பும்போது ஒரு கைப்பிடி மிளகாய் வாங்கிக்கொண்டு போனார்.

எல்லாவற்றையும்விட ஊருக்குப் பிடித்தது அதன் குரல். தினமும் சரியாக நாலு பத்துக்கு அதன் வயிற்றிலிருந்து ஒரு பெண் குரல், மூன்று மொழியில், கண்மாய்க்கரை முழுக்கக் கேட்கும்படி, "பயணி இலவான்ஜி முட்டராஸன், இது உங்களுக்கான கடைசி அழைப்பு" என்று கூப்பிடும். என் பெயர் இளவஞ்சி. ஆனால் அந்த வாரத்திலிருந்து நான் எங்கே தலையைக் காட்டினாலும், குழாயடியோ ரேஷன் கடையோ, "ஏ இலவான்ஜி!" என்றுதான் கூப்பிட்டார்கள். பால் சொசைட்டிக்குக் கறக்கிறவர்கள் அந்தக் குரலைக் கேட்டுத்தான் செம்பைத் தூக்கினார்கள். "தினமும் கடைசி கடைசின்னு கூப்பிடுது, எங்க வீட்டுக்காரர் கடைசி கிளாஸ்னு சொல்ற மாதிரியே இருக்கு" என்று ஒருத்தி சொல்ல, இறக்கைக்குக் கீழே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. வியாழக்கிழமை நாலு பத்துக்குக் குரல் கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். படி தானாக இறங்கியது. ஏறினேன். வாசலில் ஆள் யாரும் இல்லை, குரல் மட்டும், "போர்டிங் பாஸ் காட்டவும்" என்றது.

"இல்லீங்க."

"கவுண்ட்டரில் பெற்றுக்கொள்ளவும். கவுண்ட்டர் மூடப்பட்டது."

"எந்தக் கவுண்ட்டர்? இது கண்மாய்ங்க."

"கவுண்ட்டர் மூடப்பட்டது" என்றது மறுபடியும். கோபமில்லை, ஆனால் இளக்கமும் இல்லை. படி மேலே போய்விட்டது. நல்லவேளை அதற்குள் நாங்கள் இறங்கிவிட்டோம்.

சரி, கவுண்ட்டர்தானே வேண்டும் என்று வெள்ளிக்கிழமை ஊர் கூடி ஒரு கவுண்ட்டர் போட்டது. பஞ்சாயத்து அலுவலக மேசை, அதன்மேல் ஒரு பச்சைத் துணி, பின்னால் தமிழ்க்கொடி. எடை பார்க்கப் பழைய இரும்புக் கடை ஜமால் பாய் தன் தராசோடு வந்தார். முப்பது கிலோதான் கொண்டுபோகலாம். என் பெட்டி வீட்டில் முப்பத்தாறு காட்டியது, பாய் தராசில் இருபத்தாறு.

"பாய், இத்தன வருஷமா எங்க பழைய பேப்பர இந்தத் தராசுலயா நிறுத்தீங்க?" என்றேன்.

"தங்கச்சி, இன்னிக்கு உனக்கு நல்லதுதான செய்யுது? தராச ஏன் திட்டுற?" என்றார் பாய், முகம் மாறாமல்.

சோதனை போட அண்ணி. என்னை இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி, தோளிலிருந்து கணுக்கால்வரை தடவி, கைப்பையிலிருந்த எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைப் பிடித்தார். "திரவம்" என்றார் கண்டிப்பாக. எங்கே கற்றுக்கொண்டாரோ. இதெல்லாம் முடிவதற்குள் அன்றைக்கும் நாலு பத்து தாண்டிவிட்டது.

ஆனால் விமானக்காரர்கள் மூன்று மணி நேரம் முன்னதாக வரச்சொல்வதற்கும் எங்கள் ஊர் வழியனுப்புவதற்கும் ஒத்துவராது என்பது சனிக்கிழமைதான் தெரிந்தது. எங்கள் ஊரில் வெளிநாடு போகிற எவளும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று "போயிட்டு வர்றேன்" சொல்லாமல் போக முடியாது. சொன்னால் உள்ளே கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் காபி. காபி குடித்தால், "எங்க பையனும் அங்கதான் இருக்கான், இந்தப் பருப்புப்பொடிய மட்டும்" என்று ஒரு பொட்டலம். நாற்பத்தோரு வீடு. பொட்டலம் கூடினால் மறுபடி ஜமால் பாய். அவர் தராசே முப்பது காட்டினால் மறுபடி பெட்டியைப் பிரித்து அடுக்க வேண்டும். சனிக்கிழமை ஒன்பதாவது காபியில் கடைசி அழைப்பு கேட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தேன், முப்பத்தெட்டாவது வீட்டில் நாலு பத்து ஆனது. திங்கள்கிழமை ஒரே ஒரு வீடுதான் பாக்கி, ஓடிப்போய்க் கவுண்ட்டரில் நின்றால் தமிழ்க்கொடியைக் காணோம். என்னை வழியனுப்ப அவர் வீட்டில் கேசரி கிளறிக்கொண்டிருக்கிறாராம்.

ஒரே விமானத்தை ஆறு தடவை தவறவிட்டவள் என்று என்னைப் பார்க்கப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தார்கள். அவர்களும் காபி குடித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை நான் எந்த வீட்டுக்கும் போவதில்லை என்று வைராக்கியமாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு கண்மாய்க்கு நடந்தேன். ஊரே எதிரில் வந்தது.

"செவ்வாய்க்கிழமையில வடக்கயா?" என்றார் ஒருத்தர். காலண்டரையே பார்க்காத மனிதர்.

"கரிநாள் மாதிரி இருக்கே" என்றாள் இன்னொருத்தி.

"சந்திராஷ்டமம் யாருக்கு, உனக்கா பிள்ளைக்கா?" இது ஜமால் பாய்.

"பாய், உங்களுக்கு எதுக்கு பாய் சந்திராஷ்டமம்?"

பாய் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். கடைசியில் தமிழ்க்கொடிதான் உண்மையைச் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. "நீ ஏறிட்டா இது போயிருமேம்மா. இன்னும் பத்து நாள் இருந்தா ரெண்டாம் பறிப்பு மொளகாயும் காஞ்சிரும். அதான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் முடித்துவிட்டு நிமிர்ந்தபோது நாலு பதினொன்று.

அன்று சாயங்காலம் முத்தரசன் கூப்பிட்டார். இனியாள் வழக்கம்போல ஓடிவந்து கண்ணாடியை ஈரமாக்கினாள்.

"நாளைக்குக் கடைசி, இளா" என்றார். அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை, கத்தவில்லை. "ஏசி மாட்டுற கம்பி ஒண்ணு நல்ல உறுதியாக் கிடைச்சுது. அதுல தொட்டில் கட்டிட்டேன். நான் உக்காந்தே பாத்துட்டேன், தாங்குது."

"சேலைக்கு எங்க போனீங்க?"

"வரும்போது உன்னோடது ஒண்ண எடுத்துட்டு வந்தேன்ல. பச்சை. தலையணை உறையா வச்சிருந்தேன்."

அந்தப் பச்சைச் சேலையை நான் இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன். கமலவேணி அக்கா மேல்கூட ஒரு சந்தேகம் இருந்தது.

பேச்செல்லாம் கேட்டுக்கொண்டு நிலைப்படியில் சாய்ந்து நின்ற அண்ணி உள்ளே வந்தார். இனியாளைத் தூக்கிக்கொண்டு போய், அது குளிக்கிற நேரமே இல்லை, ஆனாலும் காலில் போட்டு, வெந்நீர் ஊற்றி, ஒரு காதுமடல்கூட விடாமல் தேய்த்துக் குளிப்பாட்டினார். ரொம்ப நேரம் குளிப்பாட்டினார்.

புதன்கிழமை காலையில் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஈரத்தலையில்லை, நெற்றியில் திருநீறில்லை. குளிக்காமல், விளக்கேற்றாமல், நேரே காலண்டரிடம் போனார். வடக்கே சூலம் என்று அச்சடித்திருந்த அந்த நாளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அந்த நாள் அப்போதுதான் ஆரம்பிக்கிறது என்றும் யோசிக்காமல், அதைச் சரக்கென்று கிழித்தார். பின்பக்கத்தில் என் பேனாவால், 'இளவஞ்சி முத்தரசன். இனியாள், மடியில். ஜன்னல் ஓரம்' என்று எழுதி என் கையில் கொடுத்தார்.

"இந்தா, உன் போர்டிங் பாஸ். கிழிச்ச தாளுக்கு ஏது சூலம்."

"அண்ணி, ஊர்ல விடமாட்டாங்களே."

"நீ எங்க போற? நீ போகல. பெட்டிதான் இன்னிக்கு மஸ்கட் போகுது." அண்ணியின் கண்ணில் ஒரு திருட்டுச் சிரிப்பு வந்தது. "பெட்டிக்கு இப்ப நேரம் சரியில்ல, சாயங்காலமாக் கிளம்பட்டும். அதுவரைக்கும் பெட்டிக்குப் பதிலா உன்னையும் பிள்ளையையும் பரஸ்தானமா வைக்கப்போறேன். வடக்க. விமானத்துக்குள்ள."

அப்புறம் என்னைக் கையை விரிக்கச் சொன்னார். தோளிலிருந்து தடவிக்கொண்டு வந்தவர் இடுப்பில் நிறுத்தினார். பாஸ்போர்ட்டும் விசாவும் துணிப்பையில் உடம்போடு கட்டியிருந்தன. அதை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். "இது உன்கிட்டயே இருக்கட்டும். பெட்டிக்கு எதுக்கு?" என்றார். அவ்வளவுதான், தான் செய்த தப்பைப் பற்றி அண்ணி பேசியது.

கமலவேணி அக்கா வீட்டில் பெட்டியை விட்டுவிட்டு, ஒன்பதரைக்கு, குழாயடி வழியாகவே நடந்தோம். "எங்க இலவான்ஜி?" என்றார்கள். "பரஸ்தானம் வைக்கக் கூட்டிட்டுப் போறாங்க" என்றேன். "பெட்டி எங்க?" "அது சாயங்காலம்." "அப்பச் சரி" என்று குடத்தை நிமிர்த்தினார்கள். கிளம்பாதவளை யார் வழியனுப்புவார்கள்? யாரும் காபிக்குக் கூப்பிடவில்லை. பொட்டலம் வரவில்லை. நானும் யாரிடமும் போயிட்டு வர்றேன் என்று சொல்லவில்லை. வாசல்களை மட்டும் எண்ணிக்கொண்டே நடந்தேன்.

படி இறங்கியது. காலண்டர் தாளை நீட்டினேன். குரல் முன்பக்கத்துத் தேதியை வாய்விட்டுப் படித்தது. பின்பக்கமும் படித்திருக்கும் போல. அப்புறம், "நல்வரவு. நேரத்தோடு வந்தமைக்கு நன்றி" என்றது. அந்த வார்த்தையை என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

அண்ணி படிக்குக் கீழேயே நின்றார். இனியாளின் உள்ளங்காலை ஒரு தடவை மூக்கில் வைத்து எடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கரையேறினார்.

ஏழு மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்திருந்தோம். இனியாள் எல்லா இருக்கையிலும் ஏறி இறங்கினாள், இரண்டில் மட்டும் ஈரம் செய்தாள். பதினொரு மணிவாக்கில் கமலவேணி அக்கா வற்றலைப் புரட்ட இறக்கைமேல் ஏறி வந்து, ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தார்.

"என்னடி, உள்ள உக்காந்திருக்க?"

கண்ணாடி வழியே கத்தினேன். "பரஸ்தானமா வச்சிருக்காங்கக்கா."

"அப்படியா! சாப்பிட்டியா?"

"கட்டிக் கொண்டாந்திருக்கேன்."

"சரி சரி, காத்தாட இரு" என்று வற்றலைப் புரட்டிவிட்டுப் போனார்.

நாலு பத்து ஆனது. முதல் தடவையாக விமானம் என்னைக் கூப்பிடவில்லை. ஊரில் ஒரு செம்பும் அசையவில்லை. மாடுகள் கத்தின. நாலு இருபதுக்கு யாரோ ஒருத்தருக்குப் பொறி தட்டி, "அவ ஏறிட்டாடா!" என்று கத்த, கண்மாய்க்கரை முழுக்க ஆள். திட்டுவார்கள் என்று நினைத்தேன். முதலில் கொஞ்சம் திட்டினார்கள். அதற்குள் கதவு மூடி, விமானம் ஒரு உறுமல் உறுமியது. உறுமிவிட்டு, நின்றது. மிளகாய்க்காக நின்றது. ஊரே சாக்கை எடுத்துக்கொண்டு இறக்கைமேல் ஏறி அள்ளியது. ஒரு மிளகாய் மிச்சமில்லாமல் அள்ளி முடிக்கிறவரை அது நின்றது. ஐந்து பத்துக்கு நகர ஆரம்பித்தபோது, நெடி தாங்காமல் அத்தனை பேரும் தும்மிக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் கையசைத்தார்கள். மிளகாய் நெடிதான் என்று அப்புறம் எல்லாரும் சத்தியம் செய்தார்கள். நான் ஜன்னலில் வாயை வைத்து நாற்பத்தோரு வீட்டுக்கும் சேர்த்து ஒரே தடவையாக, "போயிட்டு வர்றேன்" என்றேன்.

மஸ்கட்டில் முத்திரை குத்துகிற அதிகாரி விசாவின் தேதியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எந்த விமானம் என்று கேட்டார். "போன புதன்கிழமை விமானம்" என்றேன். என் கையிலிருந்த காலண்டர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, மிளகாய்க் கமறலில் ஒரு தும்மல் போட்டு, குத்திக் கொடுத்துவிட்டார்.

வெளியே முத்தரசன் நின்றார். இரண்டு வருஷத்தில் கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் குட்டையாகி இருந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. இனியாள் அவரைப் பார்த்து, "மாமா" என்றாள். அவர் முகம் விழுந்தது. நான் பிள்ளையை அவர் கையில் கொடுத்தேன். "இனிக்குட்டி" என்றார். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தாள், அங்கிருந்து வரவில்லை. வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அப்புறம் இரண்டு கையாலும் அவர் கன்னத்தைப் பிடித்து, ஓரத்தைத் தேடுகிற மாதிரி காதுவரை தடவினாள். ஓரமே இல்லை. தாடி குத்தியது. "அப்பா?" என்றாள், கேள்வியாக. அவர் மூன்று வண்டி போகிறவரை ரோட்டைக் கடக்காமல் நின்றார்.

மறுநாள் மத்தியானம் இரண்டே முக்கால் இருக்கும், நம் ஊரில் நாலேகால். பச்சைத் தொட்டிலில் இனியாள் விழித்தபடி படுத்திருந்தாள். கைபேசி அடித்தது. பவுனு அண்ணி.

"விமானம் போனதுல ஊரே சோர்ந்து கெடக்காண்ணி?" என்றேன்.

"எங்க போச்சு? காலையில வந்து பழைய எடத்துலயே நிக்குது. நீ ஏறுன விமானம் உன்னோட வந்துச்சு. உன் பெட்டி ஏறலல்ல? பெட்டி தவறவிட்டது எங்களோட இருக்கு." அண்ணியின் குரலில் ஊர்ப் பெருமை தெரிந்தது. "இப்பப் 'பயணி பேட்டி, பயணி பேட்டி'ன்னு கூப்பிடுது. தமிழ்க்கொடி ரெண்டாம் பறிப்பைக் காயப்போட்டாச்சு."

"அதுல என் துணிமணி பூராவும் இருக்கேண்ணி! எப்ப ஏத்தி விடுவீங்க?"

"இன்னிக்கே ஏத்திருப்பேன். கமலவேணி வீட்டப் பூட்டிட்டு வளைகாப்புக்குப் போயிட்டா."

"சாவி?"

"அவ இடுப்புல."

அண்ணி சிரிப்பை அடக்குவது கேட்டது. அவருக்குப் பின்னால் ஆடுகளும், ஒரு செம்பு உரசுவதும் கேட்டன.

அதற்குள் தொட்டிலிலிருந்து ஒரு கை நீண்டு கைபேசியைப் பிடுங்கியது. இனியாள் அதைத் திருப்பிப் பார்த்தாள். எதிரே தரையில் உட்கார்ந்து அவளுக்கு ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தாள். மறுபடி கைபேசியைப் பார்த்தாள். அவர் கையில் கத்தி பாதி ஆப்பிளில் நின்றது.

அவள் கண்ணாடியில் எச்சில் படிய ஒரு முத்தம் கொடுத்து, "அத்தே" என்றாள்.

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே வரவில்லை.